கட்டிலுக்குக் கீழே ஒரு குறட்டை

ஏம்மா, அந்த ஜன்னல் சீட்ட எனக்குக் கொஞ்சம் தாரியா? தப்பா நினைச்சுக்கிடாத. இந்த டீசல் நாத்தம் எனக்கு ஒத்துக்கிடாது. ஆங், நல்ல பிள்ளை. எந்திரிச்சு இடம் குடுக்கதுக்கும் ஒரு வளர்ப்பு வேணும்லா. இல்ல, இந்தக் கவர நானே வச்சுக்கிடுதேன். ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரி பிலிம். மடங்கிரக் கூடாது.

எங்கம்மா போற? திசையன்விளையா? நான் அதுக்கு முந்தியே நல்லான்விளை விலக்குல இறங்கிருவேன். என் கொழுந்தன் பொண்டாட்டி ஊரு. சொர்ணபாய்னு பேரு. பேருலதான் சொர்ணம். மத்தபடி உரசிப் பாத்தா பித்தளை கூடத் தேறாது.

அப்படிப் பாக்காத. பொறாமையில சொல்லுதேன்னு நினைச்சிராத. நான் ஜீவரத்தினம் டீச்சர். பாளையங்கோட்டையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவ. கோயில்ல பெண்கள் சங்கத்துக்கு நாந்தான் செயலாளர். போன்ல ஒரு ஜெபக்குழு இருக்கு, அதையும் நாந்தான் நடத்துதேன். துபாய் வரைக்கும் ஆள் இருக்கு. விசுவாசம்னா என்னன்னு கேட்டா, குறிப்பு இல்லாம ஒரு மணி நேரம் பேசுவேன். அவகிட்ட கேட்டுப் பாரு. "அது என்னக்கா, விசுவாசம்னா விசுவாசந்தான்"னுவா. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்.

அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. தூக்கம். எங்க போனாலும் தூங்குவா. பிரசங்கத்துல தூங்குவா. கல்யாண வீட்டுல தூங்குவா. ஒரு வருஷம் புயல் வந்துச்சு பாரு, தென்னையெல்லாம் சாஞ்சுதுல்லா, நாங்க நல்லான்விளையிலதான் இருந்தோம். ஓடு பறக்கு. நான் பிள்ளைகளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சத்தம் போட்டு ஜெபம் பண்ணுதேன். அவ கோழிக்கூட்டு மேல ஒரு கல்லத் தூக்கி வச்சா, "ஆண்டவரே, பாத்துக்கிடும்"னா, படுத்தா. அவ்வளவுதான், குறட்டை. நான் உலுப்பி எழுப்பினேன். "அக்கா, ஆண்டவரு முழிச்சுத்தான இருக்காரு. நம்மளும் எதுக்கு?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டா. இத ஐயரு கிட்ட சொன்னேன். எங்க குருவானவரத்தான் சொல்லுதேன். அவரு சிரிச்சுக்கிட்டே, ஆண்டவரும் புயல்ல படகுல தூங்கினவர்தானே டீச்சர்ங்காரு. ஆண்டவரு தூங்கலாம். இவ தூங்கலாமா? எது எதுக்கு உவமை சொல்லணும்னு ஐயருமாருக்கே தெரியல.

அவ புருஷன், எங்க கொழுந்தன் குணசிங், இருந்தாப்புல இருந்து மஞ்சக்காமாலையில போயிட்டான். சின்ன வயசு. நாங்கல்லாம் விழுந்து புரளுதோம். அவ வந்தவங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கா. அழுதா, அழாம இல்ல. ஆனா அழவேண்டிய மாதிரி அழல. ஊரே பேசிச்சு. கல்லு மனசுன்னு நான்தான் மொதல்ல சொன்னேன். சொல்லணும்லா.

சரி, நான் சொல்ல வந்தது வேற. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல எங்க வீட்டு அவுகளுக்கு நெஞ்சுல ஒரு வால்வு கெட்டுப் போச்சு. அவுக கரண்ட் ஆபீஸுல இஞ்சினியரா இருந்தவுக, பொன்சிங் சாருன்னு சொல்லுவாங்க. மூச்சு வாங்கிச்சு. மதுரைக்குக் கொண்டு போனோம். ஆபரேஷன் பண்ணினா நல்லா இருப்பாரு, பண்ணாட்டி இந்த வால்வு ரொம்ப நாள் ஓடாதுன்னு டாக்டர் வெட்டொண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிட்டாரு. அவுக உடனே என்ன சொன்னாக தெரியுமா? "சொர்ணத்த வரச் சொல்லு." பொண்டாட்டி நான் முன்னால நிக்கேன். சரி, கஞ்சி நல்லா வப்பா, அதுக்குத்தான் கேக்காக போலன்னு நினைச்சுக்கிட்டேன். வேற எதுக்குக் கேப்பாக?

வந்தா. வரும்போதே பாயும் தலகாணியும். ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து வேற. நெஞ்சு ஆபரேஷனுக்கு வாராளா, கோயில் அசனச் சாப்பாட்டுக்கு வாராளான்னு தெரியல. நர்சு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு குடுத்தா. பக்கத்துக் கட்டில்ல ஒரு முஸ்லிம் பாய் இருந்தாரு, உத்தமபாளையத்துக்காரரு, அவரு வீட்டம்மாவுக்கும் குடுத்தா. பொறவு எங்க அவுக கட்டிலுக்குக் கீழ பாய விரிச்சுப் படுத்துட்டா. பகல்லயே. அந்தக் குறட்டையில ஊசி போட வந்த நர்சே குனிஞ்சு பாத்துட்டுச் சிரிக்கி.

நான் சும்மா இருந்தேனா? எனக்குக் கண்ணு மூடல. எல்லாத்தையும் நான்தான் பாத்தேன். எந்தெந்த ஊருல இருந்து ஜெப எண்ணெய் வரணுமோ எல்லாம் வரவழைச்சேன். தலகாணிக்கு அடியில ஒண்ணு, நெத்தியில பூச ஒண்ணு. ஜெபக்குழுவுல சொன்னேன். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கும்மா. சாதாரண ஆபரேஷன்னு சொன்னா எவளும் முழங்கால் போட மாட்டா. கைகூப்பின படம் ஒண்ணப் போட்டுட்டு சீரியல் பாக்கப் போயிருவாளுக. எனக்குத் தெரியாதா அவளுகள? அதனால கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க, இனி ஆண்டவரு ஒரு அற்புதம் செஞ்சாத்தான் உண்டு, அழுது ஜெபியுங்கன்னு பேசி அனுப்பினேன். பேசும்போதே எனக்கு அழுகை வந்துட்டு. பொய்யில்லம்மா அது. ஜெபம் கேக்கதுல ஒரு முறை.

இந்தப் பெண்ணடிகளுக்கு நாக்கு நீளம். அத நான் என்ன செய்ய? கேட்டவ இன்னொரு குழுவுல போட்டா. அங்க கேட்டவ அவ மாமியாருக்குச் சொன்னா. கைய விரிச்சுட்டாங்கங்கது கண்ண மூடிட்டாருன்னு ஆகி, நல்லான்விளைக்குப் போய்ச் சேந்துட்டு. அங்க கோயில்ல மணி அடிக்கதுக்கு ஒரு கோயில்குட்டி இருக்கான். நம்ம ஊருகள்ல ஒரு ஆளு இறந்துட்டா மணி அடிப்பாங்கல்லா, விட்டு விட்டு? அந்தக் கூறுகெட்டவன் போயி அடிச்சுப்புட்டான். எங்க அவுகளுக்கு. உசுரோட மதுரையில படுத்து இட்லி தின்னுக்கிட்டு இருக்க மனுஷனுக்கு! கல்லறைத் தோட்டத்துல தம்பி பக்கத்துலயே குழி வெட்ட ஆளும் விட்டாச்சு.

அதோட போச்சா? அருமைநாயகம்னு ஒருத்தரு, அவுக கூடப் படிச்சவரு. என் போனுக்குப் பேசுதாரு. போன் கட்டில் பக்கத்துல சார்ஜுல கிடக்கு. நான் வராண்டாவுல நின்னு அடுத்த ரூம்காரங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன். அவுக எடுத்துட்டாக. எடுத்த உடனே அந்த மனுஷன் அழுதுக்கிட்டே, "மதினி, நம்ம பொன்சிங் போயிட்டானே. அடக்கம் எத்தனை மணிக்கு வச்சிருக்கிய?"ன்னு கேட்டிருக்காரு.

அதுக்கு அவுக, "நான் பொன்சிங்தான்டே பேசுதேன்"னு சொல்லிருக்காக.

சிரிக்கியா? சிரி. அந்த ரூமுல பாய் வீட்டம்மா கூடச் சிரிச்சா. நான் உள்ள வாரேன், அவுக கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. முகத்துல ரத்தம் இல்ல. "ஜீவா, எனக்கு மணி அடிச்சாச்சு"ன்னாக. "ஊருல மணி அடிச்சு, குழியும் வெட்டியாச்சு. இது ஆண்டவரு காட்டுத அடையாளம். நாளைக்கு நான் உள்ள போவ மாட்டேன்."

எவ்வளவு பெரிய லைனை எல்லாம் கையால தொட்டு வேலை பாத்த மனுஷன். ஒரு கோயில்குட்டி மணி அடிச்சதுக்கு இந்தப் பயம். டாக்டர் வந்து சொன்னாரு, கேக்கல. நாளைக்கு விட்டா அடுத்து எப்போ இடம் கிடைக்கும்னு சொல்ல முடியாது, அது வரைக்கும் வால்வு தாங்குமான்னும் சொல்ல முடியாதுன்னாரு. கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாக. சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டாக.

நான் விடுவேனா? மதுரையில ஒரு தீர்க்கதரிசி பிரதர் இருக்காரு, அவரை வரவழைச்சேன். வந்தாரு, கோட்டு போட்டுக்கிட்டு. தலையில கைய வச்சு அதட்டினாரு பாரு, பக்கத்துக் கட்டில் பாய்க்கு பிரஷர் ஏறி நர்சு ஓடி வந்துட்டா. நூறு வயசு இருப்பீரு, பேரன் பேத்தி கல்யாணம் பாப்பீருன்னு சொன்னாரு. அவுக கண்ணைத் திறக்கல. நான் போன ஸ்பீக்கர்ல போட்டு எங்க குழுவுல எல்லாரையும் ஒரே நேரத்துல ஜெபிக்க வச்சேன். துபாய்க்காரி ஆவி வந்து அந்நியபாஷையில பேசுதா. அவுக போர்வைய இழுத்து முகத்த மூடுதாக. நான் காதுகிட்டப் போய், பயப்படாதிய, பயப்படாதிய, பயப்படுதது பாவம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். விசுவாசம் இல்லாத மனுஷனுக்கு எதச் சொன்னாலும் எருமை மாட்டு மேல மழை பெஞ்ச கதைதான்.

இவ்வளவு அமளியிலயும் கீழ ஒருத்தி தூங்குதா பாரு! பிரதர் போன பொறவு, சாயங்காலம் காப்பி வார நேரத்துக்குக் கரெக்டா முழிச்சா. கொட்டாவி விட்டுக்கிட்டே, என்னக்கா ஒரே சத்தமா இருந்துச்சுன்னு கேட்டா. அந்தப் பாய் வீட்டம்மாதான் எல்லாத்தையும் சொன்னா. கேட்டுட்டு இவ என்ன செஞ்சா தெரியுமா? சிரிச்சா. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா, வயிறு குலுங்குது. புருஷன் கூடப் பிறந்தவரு சாகக் கிடக்காரு, இவ சிரிக்கா.

பொறவு கட்டில்ல ஏறி அவுக காலுமாட்டுல உக்காந்தா. காப்பிய ஆத்திக்கிட்டே கேட்டா. "அத்தான், பயமா இருக்கா?"

கேக்குத கேள்வியா இது? நாங்க இவ்வளவு பேரும் பயப்படாதியன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். இவ போய் பயமா இருக்கான்னு கேக்கா. அவுக அது வரைக்கும் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தவுக, திரும்பி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதுட்டாக. "பயமா இருக்கு சொர்ணம்"னாக. எனக்கு மானம் போச்சு. என்கிட்ட ஒரு நாளும் அப்படி அழுததில்ல.

"இருக்கத்தான் செய்யும் அத்தான்"னா அவ. "உங்க தம்பிக்கும் பயமா இருந்துச்சு. கடைசி அன்னைக்கு என் கையப் பிடிச்சுக்கிட்டே கிடந்தாக. நானும் விடல. ஒரு அளவுக்கு மேல என் கை எட்டாதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் இருந்து பிடிக்க ஆளு இருக்காருல்லா, அவரு கையில குடுத்துட்டேன். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கினேன் அத்தான். அதுல இருந்து எனக்கு எதுக்கும் முழிச்சுக் கிடக்கத் தோணல."

கேட்டியா பேச்ச? புருஷன் செத்த அன்னைக்குத் தூங்கினேன்னு வெக்கமில்லாம சொல்லுதா. அதுவும் நெஞ்சுல கத்தி வைக்கப் போற மனுஷன் முன்னால சாவப் பத்திப் பேச்சு! அந்த ரூமுல நாங்க யாரும் அந்த வார்த்தைய வாயில எடுத்ததே கிடையாது. நான் அவளப் பிடிச்சு இழுத்தேன், எந்திரிடின்னு. அவுக, "ஜீவா, நீ சும்மா இரு"ன்னாக. இத்தனை வருஷத்துல அவுக என்ன அப்படிச் சொன்னது அதுதான் மொதத் தடவ.

அதுக்கு மேல நடந்தத சொன்னா நீ நம்ப மாட்ட. "குழி வெட்டுனதும் நல்லதுக்குத்தான் அத்தான். இப்ப போனா தம்பி பக்கத்துல இடம் தயாரா இருக்கு. போவலன்னா மண்ணத் தள்ளி ஒரு முருங்கைக் கம்ப ஊணிருவோம்"னா. அவுகளுக்குச் சிரிப்பு வந்துட்டு. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. அடக்கத்துக்கு என்ன பாட்டுப் பாட, இப்பவே சொல்லிருங்க, இல்லன்னா அக்கா எல்லாச் சரணத்தையும் பாட வச்சிருவான்னு கேட்டா. என்னத்தச் சொல்ல! அவுக ஒரு பாட்டச் சொன்னாக. அவ அத எடுத்துப் பாடினா. அவளுக்கு ராகமும் கிடையாது தாளமும் கிடையாது. அவுக கோயில் கொயர்ல பாடினவுக, பொறுக்குமா? இப்படி இல்ல சொர்ணம்னு தலகாணியில தாளம் தட்டி அவுகளே பாடிக் காட்டினாக. மூச்சு வாங்க வாங்கப் பாடுதாக. பாய் வீட்டம்மா எந்திரிச்சு உக்காந்து கேக்கா. நாளைக்கு வாழுவமா சாவமான்னு தெரியாத மனுஷனுக்கு நடக்குத கச்சேரிய நீயே பாரு.

கடைசியில ஜெபம் பண்ணினா. நான் எவ்வளவு வசனம் கோத்து ஜெபிக்கவ! இவ ஜெபத்தக் கேளு. "ஆண்டவரே, அத்தானை உம்ம கையில தாரோம். நீரு முழிச்சிரும், நாங்க படுக்கோம். ஆமென்." இதுவும் ஒரு ஜெபமா? எங்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இத விட நல்லாச் செய்யும். ஜெபிச்சுட்டுக் கீழ இறங்கிப் படுத்துட்டா.

அவுக கையெழுத்துப் போட்டாக. அன்னைக்கு நல்லாத் தூங்கவும் செஞ்சாக. மேல ஒரு குறட்டை, கீழ ஒரு குறட்டை. நடுவுல நான் ஒருத்தி ஸ்டூல்ல உக்காந்து முழிச்சுக்கிட்டு இருக்கேன். அப்ப யாரு ஜெபம் அவுகளக் காப்பாத்திச்சு? நீயே சொல்லு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் கண்ணைத் திறந்தாக. நான் குனிஞ்சு, இந்தா நான் இருக்கேன், ஜீவான்னு சொல்லுதேன். அவுக வாயத் திறந்து கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? "சொர்ணம் எந்திரிச்சுட்டாளா?"

அந்த ஒரு வார்த்தைய நான் மறக்க மாட்டேன்மா. மறக்கவே மாட்டேன்.

ஊருக்கு வந்து கோயில்ல சாட்சி சொன்னேன். ஜெபக்குழு எப்படிப் போராடிச்சு, மணி அடிச்ச பொறவும் ஆண்டவரு எப்படித் திருப்பித் தந்தாருன்னு. எல்லாரும் அழுதாங்க. அவுக மட்டும் கீழ பாத்துக்கிட்டு இருந்தாக. சொர்ணம் வந்திருந்தா. தூணுல சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தா. அது வரைக்கும் நல்லதாப் போச்சு.

இது எந்த ஊரு? இட்டமொழி தாண்டிட்டா? நேரம் போனதே தெரியல.

இந்தப் பிலிமா? அவுகளுக்கு இல்ல. அவுக நல்லா இருக்காக, காலையில நடக்கப் போறாக. இது என்னது. வயித்துல ஒரு கட்டியாம். நல்லதா கெட்டதான்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். வார வியாழக்கிழமை வரச் சொல்லிருக்காங்க. இல்லம்மா, பயமெல்லாம் இல்ல. நான் எத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவ. என் கை நடுங்குதா? பஸ்ஸு ஆட்டம்மா இது. ரோடு அப்படி.

ஜெபக்குழுவுலயா? இன்னும் சொல்லல. சொன்னா மறுநாளே எனக்கும் நல்லான்விளையில மணி அடிச்சிருவானுக. அந்தப் பிரதருக்கும் சொல்லல. அவரு சத்தம் எனக்கு இப்ப ஆகாது. நான் தனியா ஜெபம் பண்ணிக்கிடுதேன். பண்ண உக்காந்தா ஒரு வசனமும் வர மாட்டேங்கு. வாய் மட்டும் அசையுது. வயசாகுதுல்லா, ஞாபக மறதி. தூக்கந்தான் சுத்தமா இல்ல.

அவள ஏன் கூப்பிடப் போறேன்னு கேக்கியா? அதுக்கும் ஒரு ஆளு வேணும்லா. வீட்டப் பாக்கணும், அவுகளுக்குக் கஞ்சி வைக்கணும். அவள நம்பி வேற எந்த வேலையும் குடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலுக்குக் கீழ பாய விரிச்சுப் படுத்துக்கிடட்டும். குறட்டை விடட்டும், எனக்கு என்ன. என்கிட்டயும் அந்தக் கேள்வியக் கேக்கணும்னா கேக்கட்டும். அவளுக்கு வேற என்ன பேசத் தெரியும்? நான் பதில் சொன்னாச் சொல்லுதேன், சொல்லாட்டி இல்ல. அந்தக் குறட்டை எரிச்சல்லயாவது பொழுது விடியும்லா.

அந்தா விலக்கு வந்துட்டு. பாரு, பாரு, அங்க வேப்பமரத்து மூட்டுல, பாலத்துக் கட்டைச் சுவருல உக்காந்திருக்கது அவதான். நான் வாரேன்னு அவகிட்டச் சொல்லவே இல்ல. அவுக போன் போட்டிருப்பாக. பக்கத்துல பையி, பாயி, தலகாணி. கூப்பிடாமலே கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கா. நல்ல பாரு, கழுத்து ஒரு பக்கமா விழுந்து கிடக்கு. ரோட்டு ஓரத்துல, இந்த வெக்கையில, உக்காந்தே தூங்குதா. இவளையெல்லாம் மனுஷின்னு சொல்லுததா?

நான் இறங்குதேம்மா. கொஞ்சம் பிடிச்சுக்கோ, படி உசரம். கண்டக்டர் தம்பி, மெதுவா நிறுத்துங்க. விசில மட்டும் ஊதிராதிய, கேட்டியளா. அவ முழிச்சுக்கிடப் போறா.